மூட்டைக்குள் இருப்பது எது?

1955 கோடையில் மேற்கு ஜப்பானில் கைக்குழந்தைகள் பலருக்கு ஒரே மாதிரியான நோய் கண்டது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, பெருத்த கல்லீரல். நாளாக ஆகத் தோல் கருத்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒகயாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் காரணத்தைக் கண்டறிந்து அறிவித்தார்கள். மொரினாகா நிறுவனத்தின் தொகுஷிமா ஆலையில் தயாரான பால்மாவில் ஆர்சனிக் கலந்திருந்தது. நஞ்சேறிய குழந்தைகள் 12,000-க்கும் மேல். அடுத்த ஆண்டு எடுத்த அரசுக் கணக்கின்படி இறந்தவர்கள் 130 பேர்.

பால்மாவுக்குள் ஆர்சனிக் எப்படி நுழைந்தது? பால் திரியாமல் இருக்கவும், பொடி தண்ணீரில் கட்டி தட்டாமல் கரையவும் டைசோடியம் பாஸ்பேட் என்ற உப்பை அந்த ஆலை சிறிதளவு சேர்த்து வந்தது. இந்த உப்பின் மீது யாரும் பழி சொல்ல முடியாது. பாஸ்பேட் நம் எலும்பில் இருக்கிறது, பாலில் இயற்கையாகவே இருக்கிறது. இன்றைய அளவுகோல்களை வைத்துப் பார்த்தாலும் அந்தச் சிறிய அளவு எந்தப் பரிசோதனையிலும் தேறிவிடும். ஆனால் ஆலை வாங்கிய மூட்டைகளில் இருந்தது பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினா எடுக்கும் தொழிலில் மிஞ்சிய கழிவுச் சரக்கு. வியாபாரிகளின் கை பல மாறி, டைசோடியம் பாஸ்பேட் என்ற பெயரோடு அது பால் ஆலைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஆர்சனிக் சில சதவீதம் வரை இருந்தது. உணவுக்கான பாஸ்பேட்டில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் ஆர்சனிக்கைத் தாண்டக் கூடாது என்று பின்னாளில் உலக அளவில் வரம்பு வந்தது. அதோடு ஒப்பிட்டால் அந்த மூட்டையில் இருந்தது ஏறத்தாழ 10,000 மடங்கு.

இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்குவது ஒரு கிளைச் செய்தி. அதே இடத்திலிருந்து கிளம்பிய சரக்கு, கொதிகலன் சுத்தம் செய்வதற்காக ஜப்பானியத் தேசிய ரயில்வேயின் ஒரு பிரிவுக்கும் போயிருந்தது. அவர்கள் பயன்படுத்தும் முன் சோதித்தார்கள்; ஆர்சனிக் இருப்பதைக் கண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரயில் எஞ்சினுக்கு ஆகாதென்று தள்ளப்பட்ட சரக்குதான் குழந்தையின் பால்புட்டிக்குப் போயிற்று. ரயில்வேக்காரர்கள் கையில் ஒரு தாள் இருந்தது. கொதிகலனுக்கு வரும் பொருள் எப்படி இருக்க வேண்டும், எது கூடாது என்று எழுதிய தாள். பால் ஆலையின் கையில் இருந்தது பொருளின் பெயர் மட்டும்.

வழக்கு நீண்டது. 1963-இல் தொகுஷிமா மாவட்ட நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. நம்பகமான வியாபாரியிடம் வாங்கினோம், இத்தனை காலம் ஒரு தொல்லையும் வந்ததில்லை என்ற வாதம் அப்போது எடுபட்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பு கலைக்கப்பட்டு, மறுவிசாரணை நடந்து, 1973-இல் உற்பத்திப் பொறுப்பாளர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். உணவில் ஒரு இரசாயனத்தைச் சேர்ப்பவர் தரம் வரையறுக்கப்பட்ட சரக்கையே கேட்டு வாங்க வேண்டும், அல்லது தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 18 ஆண்டுகள் கழித்து வந்த அந்த வாக்கியத்தில்தான், உணவுச் சேர்க்கைப் பொருட்களைப் பற்றி நாம் பேசும்போது வழக்கமாக விட்டுவிடும் பாதி இருக்கிறது.

'அஜினோமோட்டோ கெடுதலா?', 'டார்ட்ரசின் மஞ்சள் நிறம் குழந்தைகளுக்கு ஆகுமா?' என்று பொருளின் பெயரைச் சொல்லி நல்லதா கெட்டதா என்றுதான் நாம் கேட்கிறோம். நச்சியல் அறிஞர்கள் வருந்தி வருந்திப் பதில் தருவதும் இதற்குத்தான். ஆனால் எந்த உணவிலும் பெயர் சேர்க்கப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆலையில், ஒரு குறிப்பிட்ட முறையில், ஒரு குறிப்பிட்ட மூலப்பொருளிலிருந்து செய்த தூள்தான் சேர்க்கப்படுகிறது. அந்தத் தூளும் ஆய்வுக்கூடத்தில் எலிக்குக் கொடுத்த தூளும் ஒன்றுதான் என்று யார் உறுதி சொல்வது? அந்த உறுதியைத் தரும் ஆவணத்துக்குத்தான் தரக்குறிப்பு என்று பெயர். பாதுகாப்பு மதிப்பீடு பத்திரிகைத் தலைப்பாகிறது. தரக்குறிப்பு அலமாரியில் தூங்குகிறது. பெருங்கேடுகளோ பெரும்பாலும் இரண்டாவது வழியாகத்தான் வந்திருக்கின்றன.

ஜப்பானுக்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கிலாந்து இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. 1900-இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் கைகால் மரத்து, தோல் கருத்து, நடக்க முடியாமல் ஏழைகள் மருத்துவமனைக்கு வந்தபடி இருந்தார்கள். குடிப்பவர்களுக்கு வரும் நரம்பு நோய் என்று மருத்துவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். நோயாளிகள் எல்லோரும் பீர் குடிப்பவர்கள்தானே. எர்னஸ்ட் ரெய்னால்ட்ஸ் என்ற மருத்துவருக்கு மட்டும் அதில் சந்தேகம் வந்தது. சாராய வகைகளைக் குடிப்பவர்களுக்கு வராத நோய் மலிவு பீர் குடிப்பவர்களுக்கு ஏன் வருகிறது? பீரை வாங்கிச் சோதித்தார், ஆர்சனிக் இருந்தது. தடம் பின்னோக்கிப் போயிற்று. பீரில் மால்ட்டுக்குப் பதிலாகச் சேர்த்த சர்க்கரை, அந்தச் சர்க்கரையைச் செய்யப் பயன்பட்ட கந்தக அமிலம், அந்த அமிலம் செய்ய எரித்த பைரைட் தாது. தாதுவில் இருந்த ஆர்சனிக் நீக்கப்படாமலே அமிலம் வந்திருந்தது. உணவுத் தொழிலுக்குத்தான் இது போகிறது என்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள் அமிலம் விற்றவர்கள். 6,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 70 பேர் இறந்தார்கள். இயற்பியலறிஞர் கெல்வின் பிரபு தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1903-இல் ஒரு வரம்பை முன்வைத்தது. திட உணவில் ஒரு பவுண்டுக்கு 1/100 கிரெயின் ஆர்சனிக். இன்றைய கணக்கில் கிலோவுக்கு சுமார் 1.4 மில்லிகிராம். இறுதி உணவுக்கு வரம்பு வந்துவிட்டது. அதற்குள் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரம்பு உலகப் பொதுவாக வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதற்கான முயற்சி தொடங்கியதும் 1955-இல்தான். அந்த ஆண்டு செப்டம்பரில், ஜப்பானியக் குழந்தைகளின் செய்தி இன்னும் ஆறாத நேரத்தில், உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து ஜெனீவாவில் உணவுச் சேர்க்கைப் பொருட்கள் பற்றி ஒரு மாநாடு கூட்டின. இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல். மாநாட்டின் பரிந்துரைப்படி ஒரு நிபுணர் குழு அமைந்து, 1956 டிசம்பரில் ரோமில் முதல் முறை கூடியது. ஜெக்ஃபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் குழு இன்றுவரை 2,500-க்கும் மேற்பட்ட சேர்க்கைப் பொருட்களை மதிப்பிட்டிருக்கிறது. குழுவுக்குச் சொந்த ஆய்வுக்கூடம் கிடையாது. எலி வளர்ப்பதும் கிடையாது. உலகில் வெளியான ஆய்வுகளையும், பொருளை விற்க விரும்பும் நிறுவனங்கள் ஒப்படைக்கும் ஆய்வறிக்கைகளையும் படித்துத் தீர்ப்புச் சொல்வதே அதன் வேலை. விற்பவர் பணத்தில் நடந்த ஆய்வை வைத்து விற்கலாமா என்று முடிவு செய்வது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வேறு யார் அந்தச் செலவைச் செய்வார்கள் என்ற எதிர்க்கேள்விக்கு அரசுகள் இதுவரை பதில் தரவில்லை.

குழு சொல்லும் தீர்ப்பின் வடிவம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்: ஏற்கத்தக்க தினசரி அளவு. ஒருவர் வாழ்நாள் முழுக்க அன்றாடம் உட்கொண்டாலும் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்று கருதப்படும் அளவு அது; உடல் எடையின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். பிரெஞ்சு நச்சியலாளர் ரெனே ட்ரூஹோவின் பெயரோடு இந்தக் கருத்தைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். கணக்கு எளிது. விலங்கில் எந்தத் தீங்கும் தென்படாத உச்ச அளவை எடுத்து 100-ஆல் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு 10. இந்த நூறு 1954-இல் அமெரிக்க அரசு விஞ்ஞானிகளான லேமனும் ஃபிட்ஸ்ஹியூவும் முன்வைத்த நடைமுறை ஊகம். பிற்காலத்தில் மருந்தியல் தரவுகளைக் கொண்டு அதற்கு விளக்கம் கொடுத்தார்கள் என்றாலும், முழு எண்ணாக இருப்பதே அது அளந்து கண்டதல்ல என்பதற்குச் சாட்சி. ஊகம் என்பதற்காக அதைத் தள்ளிவிடத் தேவையில்லை. 70 ஆண்டுகளாக அது நன்றாகவே உழைத்திருக்கிறது.

ஆஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பை எடுத்துக்கொள்வோம். எலிகளில் கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் வரை தீங்கு தென்படவில்லை என்ற அடிப்படையில் 1981-இல் ஜெக்ஃபா 40 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. 2023 ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் ஆஸ்பர்டேமைச் சேர்த்தபோது, ஜெக்ஃபா தன் பழைய எண்ணை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டியிருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கைகள் இரண்டு விதமாகப் பேசுவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஒருவர் தீங்கு செய்யும் தன்மை உண்டா என்று பார்த்தார், மற்றவர் நாம் உண்ணும் அளவில் அது நேருமா என்று பார்த்தார். இதில் முரண் ஏதும் இல்லை.

இத்தனை விவாதமும் எலிக்குக் கொடுத்த பொருள் தூய ஆஸ்பர்டேம் என்ற ஒற்றை நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஜெக்ஃபாவின் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் எழுதப்படாத நிபந்தனை ஒன்று உண்டு: இந்தத் தரக்குறிப்புக்கு உட்பட்ட பொருளுக்கு மட்டும் இந்த எண் பொருந்தும்.

அந்தத் தரக்குறிப்பில் என்ன இருக்கும்? டார்ட்ரசின் மஞ்சளுக்கானதைத் திறந்து பார்க்கலாம். வேதி அமைப்பு, மூலக்கூறு எடை, கரையும் தன்மை, இதுதான் டார்ட்ரசின் என்று அடையாளம் காணும் சோதனைகள். பிறகு நிறப்பொருள் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற வரி வரும். மீதி 15 சதவீதம் என்ன என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் ஈரப்பதமும், தயாரிப்பில் தங்கிய உப்புகளும். அதன் பின் வருவதுதான் முக்கியமான பகுதி. துணை நிறங்கள் 1 சதவீதத்துக்குள், ஈயம் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குள், சல்ஃபோனேற்றம் ஆகாத அரோமாட்டிக் அமீன்கள் அனிலின் கணக்கில் 0.01 சதவீதத்துக்குள். இந்தக் கடைசி வரியை மேலோட்டமாகப் படித்துப் போய்விடுவோம். டார்ட்ரசின் போன்ற அசோ சாயங்களின் மீது மக்களுக்கு இருக்கும் பழைய பயத்துக்குப் பெரிய காரணமே இந்த அமீன்கள். அவற்றில் சில புற்றுநோய்க் காரணிகள். நல்ல முறையில் செய்த சாயத்தில் அவை மிஞ்சுவதில்லை, அரைகுறையாகச் செய்த சாயத்தில் மிஞ்சும். பெயர் இரண்டுக்கும் டார்ட்ரசின்தான்.

தயாரிப்பு முறை மாறினால் பொருளே மாறிவிடும் என்பதற்கு கேரமல் நிறத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. கோலா பானம், சோயா சாஸ், பிஸ்கட் எனப் பலவற்றில் இது இருக்கிறது. சர்க்கரையைச் சூடாக்கிக் கருக்கியது என்று நினைப்போம். அது முதல் வகை மட்டுமே. சல்ஃபைட் சேர்த்துச் செய்வது இரண்டாம் வகை, அம்மோனியா சேர்த்தால் மூன்றாம் வகை, இரண்டும் சேர்த்தால் நான்காம் வகை. அம்மோனியா நுழையும் இடத்தில் 4-மெத்தில் இமிடசோல் என்ற துணைப்பொருள் உருவாகிறது. எலிகளுக்கு அதை மிகுதியாகக் கொடுத்தபோது கட்டிகள் வந்தன. எனவே ஜெக்ஃபா நான்கு வகைகளையும் தனித்தனிப் பொருட்களாகவே மதிப்பிட்டது. முதல் வகைக்கு எண்ணளவு வரம்பே இல்லை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பும், துணைப்பொருளுக்குத் தனி வரம்பும் உண்டு. பொட்டலத்தில் 'கேரமல்' என்று மட்டும் படித்துவிட்டு நல்லதா கெட்டதா என்று கேட்பவருக்கு எந்த விஞ்ஞானியும் பதில் சொல்ல முடியாது.

சில வேளைகளில் குழு தரக்குறிப்பையே வாசற்படியாக வைத்ததுண்டு. சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு 1998-இல் அதன் முன் வந்தது. ஆய்வுகள் இருந்தன. ஆனால் எந்த ஆய்வில் எந்தத் தூய்மையுள்ள சாறு கொடுக்கப்பட்டது என்பது தெளிவாக இல்லை, தரவும் போதவில்லை. எண் தர மறுத்துவிட்டார்கள். 2004-இல் ஸ்டீவியால் கிளைகோசைடுகள் 95 சதவீதத்துக்குக் குறையாத பொருள் என்று வரையறுத்த பிறகுதான் தற்காலிகமாக 0–2 மில்லிகிராம் கொடுத்தார்கள். மேலும் ஆய்வுகள் வந்தபின் 2008-இல் அது 0–4 ஆயிற்று. 'இயற்கையானது, பழங்குடி மக்கள் காலங்காலமாகத் தின்றது' என்ற வாதத்துக்கு அங்கே மதிப்பெண் கிடைக்கவில்லை. இலையைத் தின்பது வேறு, இலையின் சாற்றை 95 சதவீதம் வரை பிரித்தெடுத்து பானத்தில் கலப்பது வேறு.

தரக்குறிப்புகள் வேதங்கள் அல்ல. சோதனைக் கருவி முன்னேறினால் பழைய வரி வெட்கப்படும்படி ஆகிவிடும். பல பத்தாண்டுகளாக எல்லாத் தரக்குறிப்புகளிலும் 'கன உலோகங்கள், ஈயக் கணக்கில்' என்று ஒரு சோதனை இருந்தது. கரைசலில் சல்ஃபைடைச் சேர்த்து, வரும் கருமையைப் பக்கத்துக் குழாயில் உள்ள ஈயக் கரைசலின் கருமையோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். மங்கிய கண்ணும் மங்கிய சோதனையும். எந்த உலோகம், எவ்வளவு என்று அது தனித்துச் சொல்லாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெக்ஃபா பட்டியல் முழுவதையும் மீளாய்வு செய்து, இந்தச் சோதனையைக் கைவிட்டு, ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி வரம்பு வைத்தது.

டைட்டானியம் டைஆக்சைடு விவகாரத்திலும் அடிப்பிரச்சினை இதுதான். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் வெண்மை தரும் இந்தத் தூளின் வேதிப் பெயரும் தூய்மையும் தரக்குறிப்பில் இருந்தன. துகளின் அளவு இல்லை. உணவுத்தரத் தூளில் எண்ணிக்கைப்படி பாதி வரை 100 நானோமீட்டருக்குக் குறைவான துகள்கள் இருக்கக்கூடும் என்று பிறகு தெரிந்தது. நானோ துகள்கள் உடலில் பெரிய துகள்களைப் போலவே நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மரபுப்பொருளுக்குச் சேதம் வராது என்று தங்களால் உறுதி கூற முடியவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சொன்னது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடை செய்தது. 2023-இல் அதே பொருளைப் பார்த்த ஜெக்ஃபா, எண்ணளவு வரம்பு தேவையில்லை என்ற தன் பழைய முடிவை மாற்றவில்லை. அறிவியல் குழுக்கள் இப்படிப் பிரிந்து நிற்பதைக் கண்டு சலித்துக்கொள்கிறோம். எனக்கு இதில் தெரிவது வேறு: துகளின் அளவை யாரும் எழுதி வைக்காத காலத்தில் நடந்த பழைய சோதனைகளை, எந்தத் துகளின் மேல் நடந்தவை என்று இப்போது பிரித்துப் பார்ப்பது கடினம். விடுபட்ட ஒரு வரி பல பத்தாண்டு ஆய்வுகளைச் சந்தேகத்தில் தள்ளிவிட்டது.

மீண்டும் குழந்தைகளிடம் வருகிறேன். இந்தத் துறையின் மிகக் கறாரான கணக்கு அவர்களுக்கானது. பிறந்து 12 வாரம் ஆகாத குழந்தைக்கு ஏற்கத்தக்க தினசரி அளவு என்ற எண்ணே பொருந்தாது என்பது ஜெக்ஃபாவின் நெடுநாள் நிலைப்பாடு. வளர்ந்த உடலை வைத்துப் போட்ட கணக்கு அது; பச்சிளங்குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழுமை அடையவில்லை. அதோடு, ஒரு குழந்தை உடல் எடையின் கிலோவுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் பால் குடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் குடித்தால் நாளொன்றுக்கு 9 லிட்டர். அதுவும் ஒரே உணவை, எல்லா வேளையும். பெரியவர்களின் உணவில் கரைந்து காணாமல் போகும் மாசு குழந்தையின் புட்டியில் அப்படிக் காணாமல் போகாது. 2010-இல் ஈயத்துக்கு அதுவரை பாதுகாப்பானது என்று கருதிய அளவை ஜெக்ஃபா திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பின் குழந்தைப் பால்மாவில் பயன்படும் பெக்டின் போன்ற கெட்டிப்படுத்தும் பொருட்களில் ஈய வரம்பைத் தனியாக இறுக்கினார்கள். பொருளில் மாற்றமில்லை, அதை உண்பவர் மாறியதால் தரக்குறிப்பு மாறியது.

நம் ஊருக்கு வந்தால் விவாதம் பெரும்பாலும் தவறான வாசலில் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி இருப்பதைக் கண்டு புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் தடை விதித்தன. செயற்கை நிறமே ஆகாது என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். ரோடமின் பி துணிச் சாயம். அதற்கு உணவுத்தரம் என்று ஒன்று உலகில் எங்கும் கிடையாது. அனுமதிக்கப்பட்ட நிறங்களைப் பற்றிய மதிப்பீடு தோற்றதற்கு அது சான்றாகாது. இந்தியாவில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. அவற்றையும் சில உணவுகளில்தான் சேர்க்கலாம், பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள்.

அந்த எட்டில் ஒன்றைச் சட்டப்படி சேர்த்த இனிப்பிலும் மூட்டைக் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. ஈயம் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய சாயத்தில் 20 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு மீறல். அந்தச் சாயத்தை கிலோவுக்கு 100 மில்லிகிராம் சேர்த்த லட்டில் அதனால் கூடும் ஈயம் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். மாவிலும் சர்க்கரையிலும் பாத்திரத்திலும் இருந்து வரும் ஈயத்தோடு சேர்ந்து அது மறைந்துவிடும். லட்டைச் சோதிக்கும் எந்த ஆய்வுக்கூடமும் மீறலைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த லட்டினால் பெரிய கேடும் வராது. ஆனால் ஈய வரம்பைப் பத்து மடங்கு தாண்டிய ஆலை, அமீன் வரம்பை மதித்திருக்கும் என்று நம்ப இடமில்லை. உணவு மாதிரியில் புலப்படாதது சாயத்தின் டப்பாவில் மட்டுமே புலப்படும். பாலில் சேரும் பாஸ்பேட்டும் குழந்தை உணவின் கெட்டிப்பொருளும் சாயத்தைவிட அதிக அளவில் சேர்பவை. அங்கே இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினையும் ஆகலாம். ஆகவே உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையிலிருந்து எடுத்துப் போக வேண்டியது கண்ணாடி அலமாரியில் அடுக்கிய இனிப்பை மட்டுமல்ல. சமையலறையில் இருக்கும் டப்பாவையும், அதன் தொகுதி எண்ணையும், அதை விற்றவர் கொடுத்த சோதனைச் சான்றிதழையும் கேட்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் விசாரணை கடைக்காரரோடு நிற்காமல், அவருக்கு விற்றவரிடமும், அவருக்குச் செய்து கொடுத்த ஆலையிடமும் போக வேண்டும்.